பாலூட்டும் தாயும் உடல் எடையும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மகளிர் உடல்நல நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இளந்தாய்மார்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலயத்தில் வந்து உடல் எடையைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். உடம்பையே இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். சீர்காழியில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பால் கொடுத்ததால்தான் நமக்குத் திருஞானசம்பந்தர் கிடைத்தார் என்று போற்றுகிறோம். தாயின் உடலும் பிள்ளையின் பாலும் நம் சமயத்துக்கு அந்நியமான செய்திகள் அல்ல. ஆகவே இந்த மண்டபம் இந்தப் பேச்சுக்கு ஏற்ற இடமே என்ற துணிவோடு தொடங்குகின்றேன்.

தாதியாகப் பணியாற்றிய காலத்தில், பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதங்களான தாய்மார்கள் அடிக்கடி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சிஸ்டர், உடம்பு இன்னும் குறையவில்லை. வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய சட்டை ஒன்றும் பொருந்தவில்லை. பாலை நிறுத்திவிட்டு டயட் இருக்கட்டுமா?" இதுதான் அந்தக் கேள்வி. வேறு சிலர் பாலையும் நிறுத்துவதில்லை, சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் ஒரு கோப்பி, மாலையில் இரண்டு பிஸ்கட் என்று நாளை ஓட்டிவிட்டு, மயக்கம் வருகிறது என்று வருவார்கள். இரண்டுமே தேவையற்ற வழிகள். பாலையும் கொடுக்கலாம், எடையையும் குறைக்கலாம். அதற்குப் பொறுமையும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பாலை நிறுத்துவது சிறிய செய்தி அல்ல

நம் சிங்கப்பூருக்கும் தாய்ப்பாலுக்கும் பெரிய வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அதற்கு அவர் கொடுத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. அந்நாளில் இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்து விற்று வந்தார்கள். அதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திய ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள் சத்தின்றியும் வயிற்றுப்போக்காலும் மடிந்ததைக் கண்ணால் கண்டு மனம் கொதித்துப் பேசினார் அந்த அம்மையார். உலகெங்கும் இன்றும் நினைவுகூரப்படும் அந்த உரை நிகழ்ந்தது நம் ஊரில்தான்.

இங்கிருக்கும் பாட்டிமார்கள் பலர் பிள்ளை பெற்றது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்தான். எருமைத் தொழுவம் என்று பொருள்படும் அந்தப் பெயர் சிராங்கூன் வட்டாரத்தின் பழைய மாட்டுக் கொட்டில்களை நினைவுபடுத்துவது. 1966இல் அங்கே ஓராண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது இடம்பெற்றது.

இன்று டின் பால் கொடுப்பவர் இல்லை. நல்ல பால்மாவும் சுத்தமான தண்ணீரும் நமக்கு உண்டு. மருத்துவக் காரணத்தால் பால்மா கொடுக்க நேரும் தாய் எவரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எடைக்காக மட்டும் பாலை நிறுத்துவது, வீட்டில் இருக்கும் நெல்லை விற்றுவிட்டுக் கடையில் அரிசி வாங்குவது போன்றது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தப் பாலே தாயின் எடை குறையவும் துணை செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

ஏறிய எடை எங்கே இருக்கிறது?

கருவுற்ற காலத்தில் ஏறும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. பிள்ளை ஏறத்தாழ 3 கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல், பனிக்குட நீர் முக்கால் கிலோ அளவு, இவற்றோடு பிரசவத்தில் போகும் இரத்தமும் சேர்ந்து 5, 6 கிலோ பிரசவத்தின்போதே இறங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் உடலில் தேங்கிய நீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். விரிந்த கருப்பை ஆறு வாரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கும். பிள்ளை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் இந்தச் சுருக்கத்துக்கு உதவுகிறது. பால் கொடுக்கும்போது முதல் சில நாட்கள் அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது போல் வலிப்பது அதனால்தான்.

இவை எல்லாம் போன பின்பு மிஞ்சுவது, பாலூட்டுவதற்கென்று உடல் சேமித்து வைத்த கொழுப்பு. தொடையிலும் இடுப்பிலும் தங்கும் இந்தச் சேமிப்பை அழகுக்கு வந்த கேடு என்று எண்ண வேண்டாம். பிள்ளைக்காக இயற்கை கட்டி வைத்த வைப்புத்தொகை அது. வைப்புத்தொகையைச் சிறுகச் சிறுக எடுக்க வேண்டும். ஒரே நாளில் உடைத்தால் நட்டம்.

பாலுக்கு ஆகும் செலவு

பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குத் தாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 முதல் 800 மில்லிலிட்டர் வரை பால் சுரக்கிறாள். அதைச் சுரக்க உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 675 கலோரி என்று, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. நல்ல ஊட்டத்துடன் இருந்து கருவுற்ற காலத்தில் போதிய எடை ஏறிய தாய், இதில் ஏறத்தாழ 170 கலோரியைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மீதி 505 கலோரியைக் கூடுதல் உணவாக உண்ண வேண்டும் என்பது அந்த அறிக்கையின் முடிவு.

ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைய வேண்டுமானால் நாளொன்றுக்கு 550 கலோரி பற்றாக்குறை இருந்தால் போதும். இப்போது இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கூடுதல் எடை உள்ள ஒரு தாய் கருவுறுவதற்கு முன் உண்ட அளவையே உண்டு, முன்போல நடமாடிப் பாலும் கொடுத்தால், அந்தப் பற்றாக்குறையைப் பாலே ஏற்படுத்திவிடுகிறது. அதற்கு மேல் பட்டினி கிடக்க வேண்டிய தேவையே இல்லை.

அப்படியானால் பால் கொடுக்கும் எல்லாரும் ஏன் மெலிவதில்லை என்று கேட்பீர்கள். பால் சுரக்கும் உடலுக்குப் பசியும் அதிகம். பிள்ளையோடு அடைந்து கிடப்பதால் நடமாட்டம் குறைவு. உறக்கமும் கெடுகிறது. செலவு 675 என்றால் வரவு 1,000 ஆகிவிடுகிறது. 1993இல் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு வரை பாலூட்டிய தாய்மார்கள், சீக்கிரம் பாலை நிறுத்தியவர்களைவிடச் சராசரியாக 2 கிலோ மட்டுமே கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். தாய்ப்பால் எடை குறைய உதவும். மந்திரம் போல் கரைத்துவிடாது.

பால் வற்றிவிடுமோ?

எடை குறைத்தால் பால் வற்றும் என்ற பயம் பாட்டிமார்களுக்கு உண்டு. அதையும் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கூடுதல் எடையுள்ள, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் 40 தாய்மார்கள் பங்கேற்றார்கள். பிரசவமாகி நான்கு வாரம் ஆனபின், ஒரு சாரார் உணவில் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து, வாரத்துக்கு நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். பத்து வாரத்தில் அவர்கள் சராசரியாக 4.8 கிலோ குறைந்தார்கள். மற்றவர்கள் 0.8 கிலோ. இரு சாராரின் குழந்தைகளும் ஒன்றுபோல் வளர்ந்தார்கள்.

அதற்கு முன் 1994இல் நடந்த மற்றோர் ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்த தாய்மார்களின் பாலின் அளவும் தன்மையும் மாறவில்லை. ஆனால் எடையும் குறையவில்லை. பயிற்சியில் செலவழித்ததை அவர்கள் கூடுதலாக உண்டு ஈடுகட்டிவிட்டார்கள். நடந்துவிட்டு வந்து ஒரு பிளேட் மீ கோரிங் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது, எவ்வளவு குறைப்பது?

1. முதல் ஆறு வாரம் எடையைப் பற்றிய நினைப்பே வேண்டாம். உடல் ஆறவும் பால் நிலைப்படவும் வேண்டிய காலம் அது. ஆறாம் வார மருத்துவச் சோதனை முடிந்து, பிள்ளையின் எடை நன்றாக ஏறுகிறது என்று தெரிந்த பின்பே தொடங்குங்கள்.

2. வாரத்துக்கு அரைக் கிலோ, மாதத்துக்கு 2 கிலோ. இதற்கு மேல் வேகம் வேண்டாம். ஏற ஒன்பது மாதம் ஆயிற்று. இறங்கவும் ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகட்டுமே.

3. நாளொன்றுக்கு 1,500 கலோரிக்குக் கீழே எந்தப் பாலூட்டும் தாயும் தானாக இறங்கக்கூடாது. பலருக்கு 1,800க்கு மேல் தேவைப்படும்.

4. மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள், குறைமாதக் குழந்தை உள்ளவர்கள், பால் குறைவாகச் சுரப்பவர்கள், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் எடை குறைப்பில் இறங்கக்கூடாது.

எடை குறைய வேண்டுமா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீட்டில், ஆசிய மக்களுக்கு 23 முதல் கவனம் தேவை, 27.5 முதல் ஆபத்து மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வரையறுத்தது. அக்குழு 2002இல் கூடியதும் சிங்கப்பூரில்தான். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது 55 கிலோ. 27.5 என்பது 66 கிலோ. உங்கள் எடை 55க்குள் இருந்தால், கண்ணாடி என்ன சொன்னாலும் நீங்கள் நலமாகவே இருக்கிறீர்கள். தளர்ந்த வயிற்றுக்குத் தசைப்பயிற்சிதான் வேண்டும், பட்டினி வேண்டாம்.

பத்தியச் சாப்பாடு

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் பேணும் அருமை எந்தச் சமூகத்துக்கும் குறைந்ததல்ல. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பூண்டும் மிளகும் சேர்த்துச் சமைத்து, வேறு வேலை எதுவும் கொடுக்காமல் வைத்திருப்பது பெரிய வரம். அதில் கொள்ள வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு.

முருங்கைக்கீரை, பூண்டு, பருப்பு, வெந்தயம், மிளகு ரசம் இவை நல்லவை. ஆனால் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்பது 120 கலோரி. சோற்றில் மூன்று கரண்டி ஊற்றினால் 360. அதன்மேல் நெய்யும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய லேகியத்தை வேளைக்கு ஓர் உருண்டை கொடுத்தால், பாலுக்கு ஆகும் செலவு முழுவதும் சோற்றுக்கு முன்பே வரவாகிவிடும். வயலில் நாற்று நட்ட பாட்டிக்கு அந்த அளவு சரியாக இருந்தது. அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கியில் ஏறி இறங்கும் பேத்திக்கு அது அதிகம். லேகியம் கொடுங்கள். சுண்டைக்காய் அளவு போதும்.

தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தாகத்தோடு வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாய்ப்பாலில் 87 விழுக்காடு தண்ணீர். தாகம் எடுக்கும்போதெல்லாம் தாராளமாகக் குடிக்க விடுங்கள். தண்ணீரால் எவருக்கும் தொப்பை விழுவதில்லை.

அசைவம் உண்ணும் குடும்பங்களில் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். சுறா பெரிய மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வதால் அதன் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது. புட்டுச் செய்யும் கை மணம் அப்படியே இருக்கட்டும். மீனை மட்டும் மாற்றுங்கள். நெத்திலி, மத்தி, கெம்போங் போன்ற சிறிய மீன்களில் சத்தும் உண்டு, பாதரசமும் குறைவு.

உடம்பு சூடாகட்டும் என்று பிராந்தி கொடுக்கும் பழக்கத்தை இந்த இடத்தில் நான் விரிவாகப் பேச வேண்டியதில்லை. மது பாலை இறங்கவிடாமல் தடுக்கும், பாலிலும் கலக்கும். இது ஒன்றே போதும்.

அன்றாடத் தட்டு

சாப்பாட்டைக் குறைப்பது என்றால் சத்தைக் குறைப்பது அல்ல. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால்பங்கு பருப்பு, முட்டை, மீன், டோஃபு போன்ற புரதம். நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு இதுதான். மலேசியாவிலும் கால், கால், அரை என்று இதையே சொல்கிறார்கள். நம் வாழை இலையில் கூட்டும் பொரியலும் இடம் பிடித்த அளவுக்குச் சோறு இடம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு டம்ளர் பால். பத்து மணிக்கு ஒரு பழம், ஒரு கைப்பிடி கடலை. மதியம் ஒரு கிண்ணம் சோறு, பருப்பு, கீரை, ஒரு பொரியல், தயிர். மாலையில் சுண்டல். இரவில் இரண்டு மூன்று சப்பாத்தி, காய்கறிக் குருமா. நள்ளிரவில் பிள்ளை எழுப்பும்போது பசிக்கும். அதற்குப் படுக்கை அருகே பிஸ்கட் டின்னை வைக்காமல் ஒரு வாழைப்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் வையுங்கள். தினமும் எடைக்கருவியில் ஏறி இறங்கி மனம் வருந்தாதீர்கள். வாரம் ஒரு முறை போதும்.

பெரும்பாலும் எடை ஏறுவது குடிக்கும் பானத்தால்தான். கெட்டிப்பால் கலந்த தேநீரும், சீனி கலந்த மால்ட் பானமும், பொட்டலப் பானமும் பசியை அடக்காமல் கலோரியை மட்டும் கொடுப்பவை. கோப்பிக்கடையில் 'கோசோங்' என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் சீனி இல்லாமல் கிடைக்கும். 2022ஆம் ஆண்டு இறுதியிலிருந்து சிங்கப்பூரில் போத்தல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் என்ற தரக்குறியீடு வந்திருக்கிறது. வாங்குமுன் அதைப் பாருங்கள்.

சைவ உணவு உண்ணும் தாய்மார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். பி12 என்ற வைட்டமின் காய்கறியில் கிடைப்பதில்லை. எடை குறைக்கிறேன் என்று பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிட்டால், உங்கள் தாய்ப்பாலிலும் அது குறையும். அது பிள்ளையின் மூளை, நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறிக்கொள்ளுங்கள், பாலையே விட வேண்டாம். அதையும் உண்ணாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள்.

விரதமும் பாலூட்டலும்

இனி இந்த அவையில் சொல்லியே ஆக வேண்டிய செய்திக்கு வருகிறேன். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டு, பிறந்த பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுத் தைப்பூசத்தன்று சுமந்து வரும் தம்பதியரைப் பார்க்கும்போது கண்கள் கலங்குகின்றன. அந்தத் தாய் பலநாள் ஒரு வேளை உணவோடு விரதம் இருந்திருப்பாள். கந்த சஷ்டி ஆறு நாளும், புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் இப்படி இருப்பவர்கள் உண்டு. விரதத்தோடு எடையும் குறையட்டுமே என்று இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும் இளந்தாய்மார்களும் இன்று இருக்கிறார்கள்.

ஒரு வேளை உணவு தவறினால் பால் வற்றிவிடாது. ஆனால் நாட்கணக்கில் ஒரு வேளை உணவும், நாள் முழுதும் தண்ணீரின்றி இருப்பதும் தாயைச் சோர்வடையச் செய்யும். பாலில் சேர வேண்டிய சத்துக்களும் குறையும். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், நோயாளிகள், முதியோர் ஆகியோருக்கு விரதத்தில் விலக்குக் கொடுப்பது நம் பெரியோர் வழக்கம். நேர்த்தி நிறைவேற வேண்டுமே என்ற மனக்குறை இருந்தால், மூன்று வேளையும் சைவ உணவு உண்டு, பாலும் பழமும் பருப்பும் சேர்த்து, தண்ணீர் குடித்து விரதம் இருக்கலாம். சொல்லடக்கமும் நாம செபமும் விரதம்தானே? உங்கள் வீட்டுப் பெரியவரிடமோ ஆலயக் குருக்களிடமோ கேளுங்கள். பிள்ளையின் பசியைத் தாங்கச் சொல்லும் தெய்வம் எந்தக் கோயிலிலும் இல்லை.

மாத்திரை, ஊசி, வயிற்றுக்கட்டு

2002இல் சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற மெலிவு மாத்திரையால் நடிகை ஒருவரின் கல்லீரல் செயலிழந்தது. வேறொரு பெண்மணி உயிரிழந்தார். மூலிகை என்று விற்கப்பட்ட அந்த மாத்திரையில் சொல்லப்படாத வேதிப்பொருள் கலந்திருந்தது. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து இதயநோய், பக்கவாத ஆபத்தால் 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் இணையத்தில் விற்கும் மெலிவுக் கோப்பியிலும் மூலிகைப் பொட்டலங்களிலும் அதே மருந்து ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. நீங்கள் விழுங்குவது பிள்ளைக்கும் போகலாம். இன்று பெயர்பெற்று வரும் மெலிவு ஊசிகளும் பாலூட்டும் தாய்மார்களிடம் போதிய அளவு ஆராயப்படாதவை. பால்குடி மறக்கும் வரை அவை வேண்டாம்.

மலாய்ப் பீடான்கள் கட்டும் பெங்குங், நம் பாட்டிமார்கள் பழைய சேலையால் கட்டும் வயிற்றுக்கட்டு இவை இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டக்கூடாது. அறுவைப் பிரசவமானால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

நடையும் உறக்கமும்

சுகப் பிரசவமான சில நாட்களிலேயே மெல்ல நடக்கலாம். அறுவைப் பிரசவமானால் கடினமான பயிற்சிக்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றுங்கள். நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவுக்கு மெல்ல உயர்த்துங்கள். பால் கொடுத்துவிட்டு நடந்தால் மார்பு கனக்காது. சிறுநீர் அடக்கும் இடுப்புத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். வியர்த்தபின் பால் புளிக்கும் என்பது வீண் பயம். மிதமான பயிற்சிக்குப் பின் கொடுக்கும் பாலைப் பிள்ளை வழக்கம்போல் குடிக்கும்.

உறக்கத்தை எவரும் எடையோடு சேர்த்து நினைப்பதில்லை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது நாளுக்கு 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கிய தாய்மார்களுக்கு, ஓராண்டு முடிவில் 5 கிலோவோ அதற்கு மேலோ எடை தங்கிவிடும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. களைத்த உடல் இனிப்பைத் தேடும். ஆகவே ஒரு தாய்க்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கொடுப்பது மெலிவு மாத்திரையைவிடப் பெரிய உதவி.

போதிய அளவு உண்டும் விடாத சோர்வு, படபடப்பு, முடி மிகுதியாகக் கொட்டுதல், எடை காரணமின்றி ஏறுதல் அல்லது இறங்குதல் இருந்தால் தைராய்டு சோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு அச்சுரப்பி தடம் மாறும். எந்நேரமும் அழுகையும் எதிலும் நாட்டமின்மையும் இருந்தால் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீரிழிவு கண்ட தாய்மார்கள்

கருவுற்ற காலத்தில் சீனி ஏறியவர்கள் இந்தியப் பெண்களிடையே அதிகம். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது, தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டு மருத்துவக் கட்டுரை ஒன்று தெரிவித்தது. இவர்களுக்கு எடை குறைப்பது அழகுக்காக அன்று, உயிருக்காக. பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் சீனிச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். பிறகும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநாள் பாலூட்டிய தாய்மார்களுக்கு இந்த ஆபத்து குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிள்ளையே தராசு

தாயின் எடையைத் தராசு சொல்லும். குறைக்கும் வேகம் சரிதானா என்பதைப் பிள்ளை சொல்லும். பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பின் நாளுக்கு ஆறு முறையாவது நன்றாக நனைந்த அரைக்கச்சை மாற்ற வேண்டும். முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் எடை ஏற வேண்டும். ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை இருமடங்காகும். உடல்நலக் கையேட்டில் உள்ள வளர்ச்சிக் கோடு தளர்ந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, உங்கள் எடைக் குறைப்பை அன்றே நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் அறம் செய்வோருக்கும்

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து தாயைப் பார்த்து "என்னம்மா இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லால் சோற்றை வெறுத்த தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன். வரும்போது ஜிலேபியும் கேக்கும் வாங்கி வராமல் பழமோ கீரையோ வாங்கி வாருங்கள். கணவர்மார்களே, பால் கொடுப்பதை நீங்கள் செய்ய முடியாது. ஏப்பம் விடச் செய்வதும், துணி மாற்றுவதும், தாலாட்டுவதும் உங்களால் முடியும். மாமியார்மார்களே, மருமகள் நடக்கப் போகும் அரைமணி நேரம் பேரப்பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும். அது உங்களுக்கும் இன்பம், அவளுக்கும் மருந்து.

சிங்கப்பூரில் 2008 முதல் பிரசவ விடுப்பு 16 வாரம். மலேசியாவில் 2023 முதல் 98 நாள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வேளையில்தான் பலர் பாலையும் நிறுத்தி, அவசர டயட்டையும் தொடங்குகிறார்கள். ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிமார்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பாலைப் பீய்ச்சிச் சேமிக்க ஒரு சிறு அறையும் இருபது நிமிட நேரமும் கொடுத்தால், அதுவும் அன்னதானம்தான்.

நம் ஆலயங்களுக்கும் இரண்டு வேண்டுகோள். திருவிழாக் காலத்தில் பாலூட்டும் தாய்மார்கள் அமர ஒரு தனியிடமும், ஒரு நாற்காலியும், ஒரு மின்விசிறியும் இருக்கட்டும். அன்னதான வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு முதல் இலை போடுங்கள். அந்த இலையில் இனிப்பைவிடக் கூட்டும் கீரையும் கூடுதலாக இருக்கட்டும்.

தாய்மார்களே, உங்கள் உடல் ஓர் உயிரைச் சுமந்து, பெற்று, இப்போது வளர்த்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் கோபம் வேண்டாம். வேளைக்கு உண்ணுங்கள், நடங்கள், உறங்குங்கள், பாலைக் கொடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது சிறிய அளவுதான். ஆயினும் பிள்ளை தவழ்ந்து எழுந்து நிற்கும் காலத்தில் நீங்களும் இலேசான உடலோடு அதன் பின்னே ஓடலாம். அன்னை பராசக்தி உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நிறைந்த நலத்தையும் நீண்ட ஆயுளையும் அருள்வாளாக.